10,000 பாட், ஒன்பது விலை: ஒரு சென்னை – பாங்காக் பயணத்தின் பணக் கணக்கு

கையில் வந்து சேர்ந்தது 10,000 தாய்லாந்து பாட். அதற்காகச் சென்னைக் கணக்கிலிருந்து போனது ஒரு வழியில் 26,100 ரூபாய், இன்னொரு வழியில் 30,905 ரூபாய். நடுவில் சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வித்தியாசம் முழுக்க, எந்த இடத்தில் மாற்றினார்கள், திரையில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்த 4,805 ரூபாய் எங்கெங்கே கசிகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

கணக்குக்காக ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பாங்காக், பட்டாயா என்று ஆறு நாள் போகிறார்கள். விமான டிக்கெட் தனி. ஓட்டல் பாக்கி, சாப்பாடு, டாக்சி, படகு, கடைத்தெரு எல்லாம் சேர்த்து அங்கே சுமார் 40,000 பாட் செலவு. நடுவிலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் சந்தை விலை, 1 டாலர் = 85 ரூபாய் = 32.70 பாட் என்று வைத்துக்கொண்டால் 1 பாட் 2.60 ரூபாய். நீங்கள் படிக்கும் நாளில் விலை வேறாக இருக்கும். விகிதங்கள் அவ்வளவாக மாறாது, ஆகவே கணக்கின் போக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். நடுவிலைப்படி 10,000 பாட் என்பது 26,000 ரூபாய்.

ஒன்பது வழிகள்

மாதிரி விலைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. மார்க்-அப் என்பது வெளிநாட்டுச் செலவுக்கு நம் வங்கி மேலே வைக்கும் கூடுதல் கட்டணம். அது வரும் இடங்களில் பெரும்பாலான இந்திய கார்டுகளில் இருக்கும் 3.5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 4.13 சதவீதம் என்று எடுத்திருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கின் விலை 2.61.

மார்க்-அப் இல்லாத கார்டைக் கடையில் தேய்த்தால்: 26,100
சென்னையில் டாலர் வாங்கி, பாங்காக்கில் பாட் ஆக மாற்றினால்: 26,407
சென்னை நகருக்குள் மனி சேஞ்சரிடம் நேராக பாட் வாங்கினால்: 26,848
சாதாரண கார்டைக் கடையில் பாட் கணக்கில் தேய்த்தால்: 27,178
ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் அங்கே மாற்றினால்: 27,397
ஏடிஎம்மில் ஒரே தடவையாக, பாட் கணக்கில் எடுத்தால்: 27,923
சென்னை விமான நிலையக் கவுன்ட்டரில் பாட் வாங்கினால்: 28,551
ஏடிஎம்மில் ஒரே தடவையாக, ஆனால் ரூபாய் கணக்குக்கு ஒப்புக்கொண்டு எடுத்தால்: 29,205
ஏடிஎம்மில் 2,000, 2,000 ஆக ஐந்து தடவை எடுத்தால்: 30,905

கடைசி வரியில் வருபவர்கள் பெரும்பாலும் ஜாக்கிரதையான ஆட்கள். மொத்தமாகக் கையில் பணம் வைத்துக்கொள்ளப் பயந்து, தேவைக்குத் தேவை எடுக்கிறார்கள். அந்த ஜாக்கிரதைக்குத்தான் அதிக விலை. தாய்லாந்து வங்கிகளின் ஏடிஎம்கள் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கின்றன, நம் கணக்கில் 220. 2,000 எடுத்தாலும் 220, 20,000 எடுத்தாலும் அதே 220. அந்த 220-க்கும் சேர்த்து இந்திய வங்கி மார்க்-அப் போடும். அதற்கு மேல் வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் என்று தடவைக்கு 125 ரூபாயும் ஜிஎஸ்டியும் என வைத்தால், ஐந்து தடவைக்கு அதுவே 737 ரூபாய் தாண்டிவிடும்.

இரண்டு முறை மாற்றியும் மலிவு, ஏன்?

ரூபாயை டாலராக்கி, டாலரை பாட் ஆக்கினால் இரண்டு பக்கமும் கமிஷன் போகும், நேராக பாட் வாங்குவதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

டாலர் என்பது சென்னை மனி சேஞ்சர்களிடம் தினமும் வந்து போகும் சரக்கு. எழும்பூரிலோ தி.நகரிலோ மண்ணடியிலோ ஒரு கடையில் விலை பிடிக்கவில்லை என்றால் நாலு கட்டடம் தள்ளி அடுத்த கடை. ஆகவே விற்பவர் நடுவிலைக்கு மேல் ஒரு சதவீதம் வைத்தாலே அதிகம். நம் கணக்கில் 85.80. பாட் அப்படி இல்லை. அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு, நோட்டு கையிருப்பும் குறைவு. முடங்கிக் கிடக்கும் பணத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைப்பார்கள். 2.68 என்றால் நடுவிலையைவிட மூன்று சதவீதம் அதிகம்.

பாங்காக்கில் இதற்கு நேரெதிர். ராட்சதம்ரி சாலைப் பக்கம் சூப்பர்ரிச் என்ற பெயரிலேயே பச்சை, ஆரஞ்சு என்று வெவ்வேறு நிறப் பலகை மாட்டிய தனித்தனி நிறுவனங்கள் அருகருகே போட்டி போடுகின்றன. 100 டாலர் நோட்டுக்கு நடுவிலையில் அரை சதவீதம்கூடக் குறைக்காமல் கொடுப்பது அங்கே சாதாரணம். நம் கணக்கில் 32.55. இங்கே 0.94, அங்கே 0.46, இரண்டும் சேர்ந்து 1.4 சதவீதம். நேராக பாட் வாங்குவதில் பாதிகூட இல்லை.

இந்த ஒன்பது வரிகளையும் பிடித்து நிறுத்துவது ஒரே கேள்விதான்: விலை சொல்பவருக்குப் பக்கத்தில் போட்டி இருக்கிறதா? குடியேற்றச் சோதனை முடித்து உள்ளே போன பயணிக்கு வேறு போக்கிடம் இல்லை. விமான நிலையக் கவுன்ட்டருக்கு அது தெரியும். ஏடிஎம்முக்குள் கார்டைச் செருகியவருக்கும் அதே நிலை. ஓட்டல் வரவேற்பு மேசையில் இரவு பதினொரு மணிக்கு டாலரை நீட்டுகிறவருக்கும் அதுதான்.

விமான நிலையக் கவுன்ட்டரிலேயே வாங்கித் தீர வேண்டிய கட்டாயம் என்றால், அதே நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போனால் விலை கொஞ்சம் இறங்கும். நேரில் போய் நிற்பவருக்கு அந்த விலை கிடையாது.

டாலர் வழியில் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நோட்டின் அளவு. பாங்காக் பலகைகளில் டாலருக்கு ஒரே விலை இருக்காது. 100-க்கு ஒரு விலை, 50-க்கு ஒரு விலை, 20-க்குக் கீழே வேறு விலை, 1 டாலர் நோட்டுக்கு எல்லாவற்றிலும் மட்டமான விலை. சென்னையில் "சில்லறையா குடுங்க, வசதியா இருக்கும்" என்று கேட்டு வாங்குவது அங்கே நஷ்டம். இரண்டு, நோட்டின் நிலை. பேனா கிறுக்கல், ரப்பர் ஸ்டாம்ப், மூலைக் கிழிசல் இருந்தால் தள்ளிவிடுவார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். 2013 அக்டோபரில் வெளியான, நீலப் பட்டை ஓடும் 100 டாலர் நோட்டையே கேட்டு வாங்க வேண்டும். எண்ணி வாங்கும்போதே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பலகையைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 'பையிங்', 'செல்லிங்' இரண்டும் கவுன்ட்டர்காரரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. டாலரைக் கொடுத்து பாட் வாங்கும் நமக்குப் பொருந்துவது 'பையிங்' பத்தி. பக்கத்துப் பத்தியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, கையில் வந்த பணம் குறைகிறது என்று சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட் கேட்பார்கள், கையோடு இருக்கட்டும். நோட்டை ஜன்னலை விட்டு நகராமல் எண்ண வேண்டும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வருகைத் தளத்தில் வரிசையாக இருக்கும் வங்கிக் கவுன்ட்டர்களைத் தாண்டி, அடித்தளத்தில் ஏர்போர்ட் ரெயில் லிங்க் நிலையம் இருக்கும் பி தளத்துக்கு இறங்கினால் சிறு மாற்றுக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. விலை நகர விலைக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே கட்டடம், ஓரிரு மாடி வித்தியாசம், விலை வேறு. போட்டி எங்கே இருக்கிறதோ அங்கே விலை இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ரூபாய் நோட்டையே கொண்டுபோவது பலருக்குப் பழக்கம். இந்தியாவில் வசிப்பவர் நேபாளம், பூட்டான் தவிர்த்த நாடுகளுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் நோட்டாக எடுத்துச் செல்லலாம். பாங்காக்கில் ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் டாலருக்குக் கொடுக்கும் மரியாதை அதற்குக் கிடையாது. திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் டாக்சிக்குக் கொடுக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

ஏடிஎம் திரையில் அடுத்தடுத்து இரண்டு கேள்வி

கையிருப்பு தீர்ந்து ஏடிஎம்முக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது. கார்டைச் செருகி, பின் போட்டு, தொகையையும் அழுத்தியாயிற்று. முதலில் ஒரு திரை: இந்த வங்கி 220 பாட் கட்டணம் வசூலிக்கும், தொடரவா? இதற்கு ஆம் என்றால்தான் பணம் வரும். அடுத்து இன்னொரு திரை. அதில் உங்கள் ரூபாய்த் தொகை அழகாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கும்: 10,220 பாட், மாற்று விலை 2.81, மொத்தம் 28,718 ரூபாய் 20 காசு. கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் 'அக்செப்ட்' அல்லது 'வித் கன்வெர்ஷன்', மற்றொன்றில் 'டிக்லைன்' அல்லது 'வித்தவுட் கன்வெர்ஷன்'.

முதல் கேள்விக்கு ஆம் சொன்ன விரல் இரண்டாவதற்கும் ஆம் என்றே போகும். போதாக்குறைக்குப் பக்கத்திலிருந்து, "ஏங்க, டிக்லைன் அழுத்துனா பணம் வராதுங்க, கார்டு மாட்டிக்கப் போவுது" என்று ஒரு குரல். அந்தப் பயத்தை நம்பித்தான் அந்தத் திரையே எழுதப்பட்டிருக்கிறது. 'டிக்லைன்' என்பது அந்த மாற்று விலையை மறுப்பது மட்டுமே. அழுத்தினால் பணம் அதேபோல வரும், கணக்கு பாட் ஆகவே கார்டு நெட்வொர்க்குக்குப் போகும். ரூபாயாக மாற்றும் வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விலையில் செய்யும்.

இந்த ஏற்பாட்டுக்குத் துறையில் டிசிசி என்று பெயர், அதாவது டைனமிக் கரன்சி கன்வெர்ஷன். கார்டு நெட்வொர்க் மாற்றுவதற்கு முன்பே, இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பவர் தன் விலையில் ரூபாயாக மாற்றிவிடுகிறார். அந்த லாபத்தை ஏற்பாடு செய்யும் நிறுவனமும் அங்குள்ள வங்கியும், கடையாக இருந்தால் கடைக்காரரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மோசடி என்று சொல்ல முடியாது. விலையைக் காட்டி, சம்மதம் கேட்டுத்தான் செய்கிறார்கள். நெட்வொர்க் விதிப்படி பயணிக்குத் தேர்வு கொடுத்தாக வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலை எதையும் அந்தத் திரை காட்டாது. 'உறுதியான விலை' என்பார்கள். உறுதி என்னவோ உண்மைதான், உறுதியாக அதிகம்.

ரூபாயில் கழித்துவிட்டால் இந்திய வங்கியின் மார்க்-அப்பாவது தப்பும் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த அடி ஊருக்கு வந்த பிறகு விழும். வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் நடந்த பரிவர்த்தனைக்கு என்று பல வங்கிகள் தனியாக ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் போடுகின்றன. சில வங்கிகள் முழு மார்க்-அப்பையே போடும். அப்படித்தான் 27,923 ஆக முடிந்திருக்க வேண்டியது 29,205 ஆகிறது.

பணம் வெளியே வந்துவிட்டால் இதைத் திருப்ப வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நாமே ஒப்புக்கொண்ட விலை, ஆகவே வங்கியில் புகார் நிற்காது.

ஏடிஎம்முக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், தேவையை மொத்தமாகக் கணக்கிட்டு ஒரே தடவை எடுக்கலாம். பல இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 20,000 பாட் வரை தரும். 20,000 என்று அழுத்துவதைவிட 19,900 என்று அழுத்துவது நல்லது. கடைசி 900-க்காவது 500-ம் 100-மாக வரும். கடன் அட்டையை ஏடிஎம்மில் செருகவே கூடாது. பணம் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், ரொக்கம் எடுத்ததற்கென்று கட்டணமும் தனி. பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ரசீது வந்தாலும் வராவிட்டாலும் ஏடிஎம் எண், வங்கிப் பெயர், நேரம் மூன்றையும் போனில் படமெடுத்துவிட்டு உங்கள் வங்கிக்குப் புகார் அனுப்ப வேண்டும். அங்குள்ள வங்கிக் கிளையில் நின்று வாதாடிப் பயனில்லை. கார்டு கொடுத்த வங்கி வழியாகத்தான் அது திரும்பும்.

கடையில் அதே வலை, வேறு முகம்

பெரிய மால்களில் கார்டைத் தேய்க்கும்போது அதே கேள்வி வரும். சில சமயம் கேள்வி நம்மிடம் வராமலே போய்விடும். காசாளர் இந்திய கார்டைப் பார்த்ததும் நமக்கு உதவி செய்வதாக நினைத்து ரூபாயைத் தானே அழுத்திவிடுவார். ஆகவே கார்டை நீட்டும்போதே "பாட், நோ ருப்பீ" என்று சொல்லிவிடுவது நல்லது. சீட்டில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் கையெழுத்துப் போடாமல் அதை 'வாய்ட்', அதாவது ரத்து, செய்து பாட் கணக்கில் மறுபடி தேய்க்கச் சொல்லலாம். அதே நாளில், அதே கவுன்ட்டரில் என்றால் முடியும். ஓட்டலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. 10,000 பாட் பில்லுக்குச் சாதாரண கார்டில் 27,178 ஆகும் இடத்தில், ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் 28,432. ஒரு கையெழுத்தின் விலை 1,254 ரூபாய்.

சின்னக் கடைகளில் கார்டு என்றால் மூன்று சதவீதம் கூடக் கேட்பது சகஜம். அங்கே ரொக்கமே மேல்.

கடைவாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் படங்கள் பெரும்பாலும் தாய்லாந்தின் சொந்தப் பணப்பரிமாற்ற முறையான பிராம்ப்ட்பே. நம்மூர்ப் பழக்கத்தில் யுபிஐ செயலியை அதன் மேல் காட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் ரொக்கம் இல்லாமல் போகக் கூடாது. இலங்கைக் கடைகளில் 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ ஓடுகிறது, சிங்கப்பூரிலும் பல இடங்களில் ஓடுகிறது என்பதை வைத்து எல்லா க்யூஆரும் நம்முடையது என்று எண்ணிவிட முடியாது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் நிலை வேறு. சிங்கப்பூரின் பேநவ் 2021 ஏப்ரலிலேயே பிராம்ப்ட்பேயோடு இணைந்துவிட்டது, மலேசியாவின் டியூட்நவ்வும் அதே ஆண்டு வந்தது. அவர்களுக்குத் தெருவோர உணவுக் கடை வரை போனே போதும்.

ஓட்டல் முன்பணம்

இதில் கசிவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறைக்குள் நுழையும்போது 'டெபாசிட்' என்று கார்டு கேட்பார்கள். அதை இரண்டு விதமாகப் பிடிக்கலாம். 'ப்ரீ-ஆத்' என்றால் தொகையைத் தடுத்து மட்டும் வைப்பது, கிளம்பும்போது விடுவித்துவிடுவார்கள். கணக்கில் திரும்பச் சில நாள் ஆகலாம், ஆனால் நஷ்டம் இல்லை. 'சேல்' என்று தேய்த்துவிட்டு, கிளம்பும்போது 'ரீஃபண்ட்' போட்டால் கதை வேறு. 5,000 பாட் விற்பனையாகப் போனால் 13,050 ரூபாயும் மார்க்-அப் 539-ம் சேர்ந்து 13,589 கழியும். திரும்பி வரும்போது விலை 2.58 என்று வைத்தால் 12,900 வரும். மார்க்-அப் திரும்பாது. எதையும் வாங்காமலே 689 ரூபாய் காலி. டெபிட் கார்டு, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு என்றால் அத்தனை நாளும் அந்தப் பணம் நம் செலவுக்குக் கிடைக்காமல் முடங்கியும் கிடக்கும்.

சீட்டில் எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதைவிட எளிய வழி, முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுவது. பல தாய்லாந்து ஓட்டல்கள் 1,000, 2,000 பாட் ரொக்கம் வாங்கி ரசீது தருகின்றன. போன நோட்டு அப்படியே திரும்பும், நடுவில் யாரும் விலை வைக்க மாட்டார்கள். கடைசி நாள் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் அதுவே ஆகும்.

கையில் ரொக்கம்

பாட் நோட்டுகளை நிறத்தால் பழகிக்கொள்வது எளிது: 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா, 1,000 பழுப்பு. 20 பாட் நோட்டு 2022-லிருந்து பிளாஸ்டிக் தாளிலும் வருகிறது. மாற்றுக் கடையும் ஏடிஎம்மும் 1,000 ஆகவே தள்ளும். அதை டாக்சிக்காரரிடம் நீட்டினால் சில்லறை இல்லை என்பார், பட்டாயாவில் பத்து இருபது பாட் வாங்கும் சோங்தேவ் வண்டியில் நீட்டினால் சிரிப்பார். காலையில் ஏதாவது ஒரு செவன்-இலெவனில் தண்ணீர் பாட்டில் வாங்கி ஒரு 1,000 நோட்டை உடைத்துவிட்டால் அன்றைய நாள் ஓடிவிடும். கீழே விழுந்து பறக்கும் நோட்டையோ உருளும் காசையோ காலால் மிதித்து நிறுத்தக் கூடாது. அதில் அரசர் உருவம் இருக்கிறது, அங்கே அது பெரிய அவமதிப்பு.

பாங்காக் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியின் நீல, ஊதா வழித்தடங்களில் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டி நேராக உள்ளே போகலாம், டோக்கன் வரிசை இல்லை. ஆனால் நம் கார்டில் அது வேலை செய்ய, வங்கிச் செயலியில் 'வெளிநாடு' என்ற பொதுச் சுவிட்ச்சோடு 'கான்டாக்ட்லெஸ்' என்ற தனிச் சுவிட்ச்சையும் போட்டிருக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து இந்தியாவில் கொடுக்கப்படும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வருகிறது. ஏடிஎம், கடை, இணையம், கான்டாக்ட்லெஸ் நான்குக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி வரம்பு. வாசலில் நின்று கார்டு ஏன் சிவப்பு காட்டுகிறது என்று விழிக்கும் பத்தில் பல பேருக்குக் காரணம் இதுதான். ஓடிபி வருவதற்கு ஊர் சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே செயல்படுத்திவைக்க வேண்டும். அங்கே போய் அதைச் செய்யவே ஓடிபி கேட்கும் அபத்தம் நடக்கும். இன்னொன்று, வெளிநாட்டு இணையதளங்கள் சில ஓடிபி இல்லாமலே பணம் எடுத்துவிடும். இணையச் சுவிட்ச்சைத் தேவைப்படும்போது மட்டும் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

கிளம்பும் முன் வாங்குவது

இந்தத் தம்பதிக்குச் சரியாக வரும் பிரிவினை இது: ஓட்டல் பாக்கி, மால் செலவு 18,000 பாட் மார்க்-அப் இல்லாத கார்டில். மீதிக்கு 700 டாலர் ரொக்கம். ஒரே பில்லாக 700 டாலர் வாங்கினால் 60,060 ரூபாய். வெளிநாட்டுப் பணம் வாங்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்த முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஆளுக்கு 350 டாலர், அவரவர் பாஸ்போர்ட், பான் கார்டில் வாங்கினால் பில் தலைக்கு 30,030. ஜிஎஸ்டி ஒரு லட்சம் வரை மதிப்பில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். இங்கே தலைக்கு 54. பயணத் தேதிக்கு 60 நாளுக்கு முன் வாங்க முடியாது. நோட்டாக எடுத்துச் செல்லும் உச்சவரம்பு பெரும்பாலான நாடுகளுக்குத் தடவைக்கு 3,000 டாலர். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடையா என்று பார்த்து, ரசீதைக் கட்டாயம் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுப் பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் அது தொடங்கும். டூர் பேக்கேஜுக்கு மட்டும் விதி தனி.

மார்க்-அப் இல்லாத கார்டு கையில் இல்லாதவர்கள் ஃபாரெக்ஸ் கார்டு போடலாம், ஆனால் அதன் நாணயப் பட்டியலில் பாட் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். டாலரை ஏற்றி பாட் கணக்கில் செலவழித்தால் 'கிராஸ் கரன்சி' கட்டணம் என்று இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை போகும். பாட் பையில் இருப்பு முடிந்து, கார்டு தானாக டாலர் பைக்குத் தாவும்போதும் இதே கட்டணம்தான், அறிவிப்பே இல்லாமல்.

இந்தப் பிரிவினையில் 700 டாலர் 22,785 பாட் ஆகிறது. கார்டில் போன 18,000-ஐயும் சேர்த்து 40,785 பாட் செலவுக்கு ஊர்க்கணக்கில் போனது 1,07,148 ரூபாய். நடுவிலையைவிட 1,107 மட்டுமே அதிகம், ஒரு சதவீதம் சொச்சம். அதே 40,785-ஐ விமான நிலையத்தில் 10,000, ஏடிஎம்மில் 2,000 2,000 ஆக 10,000, மீதியைச் சாதாரண கார்டில் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு தேய்த்தது என்று செலவழித்திருந்தால் 1,18,551. வித்தியாசம் 11,400 ரூபாய் சொச்சம்.

மிச்சம்

கடைசி நாள் கையில் 3,000 பாட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்குக் கொண்டுவந்து விற்றால் 2.40 விலை சொல்வார்கள், 7,200 ரூபாய். அதை வாங்க நாம் செலவழித்தது 7,922. காசுகளை ஒருவரும் வாங்க மாட்டார்கள். ஆகவே ஓட்டல் கணக்கை முடிக்கும்போது டாக்சிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்ச ரொக்கத்தை முழுவதும் மேசையில் வைத்து, பாக்கியைக் கார்டில் தேய்க்கச் சொல்லலாம். பெரும்பாலான ஓட்டல்கள் மறுப்பதில்லை. டாலர் மிஞ்சினால் பிரச்சினை இல்லை. 2,000 டாலர் வரை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் வங்கியிலோ மனி சேஞ்சரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

கார்டு பதிவுகளைப் பார்க்க வேண்டியது திரும்பிய அன்று அல்ல, ஒரு வாரம் கழித்து. தேய்த்த நாளின் குறுஞ்செய்தியில் வரும் தொகை உத்தேசமானது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கணக்கு முடியும் நாளின் விலைதான் இறுதி. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் தேதியைக் கொடுத்தால் அன்றைய மாற்று விலையைக் காட்டும் கணிப்பான் இருக்கிறது. பில்லோடு ஒத்துப்பார்த்தால் எந்தக் கடையில் ரூபாய்க்கு மாற்றிவிட்டார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நாம் செய்யாத பரிவர்த்தனை ஏதாவது கண்ணில் பட்டால் அறிவிப்பு வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். தவறு நம் பக்கமோ வங்கியின் பக்கமோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்ததென்றால், ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு இழப்பு இல்லை. நான்காம் நாள் சொன்னவர் தன் பங்குக்கு ஒரு தொகையைச் சுமக்க வேண்டிவரும்.